காசுக்கட்டி மூக்கு

மூக்கிலிருந்து துணி எடுத்தார்கள். எடுத்தார்கள், எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நான் நல்லூரில் பிறந்து முப்பது வருஷம் பனியன் கம்பெனிகளில் குப்பை கொட்டியவன். நிட்டிங் மிஷினிலிருந்து துணி ரோல் ரோலாக இறங்குவதை ராப்பகலாக நின்று பார்த்திருக்கிறேன். என் மூக்கே ஒரு நிட்டிங் மிஷினாக மாறும் என்று மட்டும் நினைத்ததில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட, “முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டேன். “வலது பக்கம் முடிஞ்சுது” என்றார் டாக்டர்.

மூக்கின் நடுத்தண்டு கோணல். பிறவிக் கோணலா, சின்ன வயசில் கபடியில் வாங்கியதா தெரியாது. மூச்சு ஒரு பக்கமாகவே போய்வரும், ராத்திரிக் குறட்டைக்கு மட்டும் இரண்டு பக்கமும் திறக்கும். வெட்டி நிமிர்த்தினார்கள். அறுவை வலிக்கவில்லை, மயக்கத்தில் இருந்தேன். இரண்டு நாள் மூக்கை அடைத்து வைத்த துணிதான் பூர்வஜென்மப் பாவத்தையெல்லாம் ஞாபகப்படுத்தியது. வாயால் மூச்சு விட்டு நாக்கு அட்டையாகிவிட்டது. ஒரு வாய் கஞ்சி விழுங்கினால் காதுக்குள் டப்பென்று வெடிக்கும்.

இடது பக்கத் துணியை உருவிக்கொண்டே டாக்டர் ஆறுதல் சொன்னார். “இப்பல்லாம் இதுக்குப் பசை வந்திருக்குதுங்க. பெரிய ஊர்ல சில பேர் பசையை அடிச்சு ஒட்டி விட்டுடறாங்க. துணி வெக்கிற வேலையே இல்லை.”

இதை உருவுவதற்கு முன்னால் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

பனியன்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மூக்கின் நடுச்சுவர் ஒரு சட்டைக் காலர். நடுவில் குருத்தெலும்பு என்கிற கேன்வாஸ். இரண்டு பக்கமும் ஈரமான மெல்லிய சவ்வு என்கிற மேல்துணி. கோணலை எடுக்க, மேல்துணியைப் பிரித்து, கேன்வாஸைச் செதுக்கி, மறுபடி மூட வேண்டும். சரியாக ஒட்டாவிட்டால் இடையில் ரத்தம் தேங்கும். அது சீழ் பிடித்தால் குருத்தெலும்பு கரைந்து, மூக்கு நடுவில் குதிரைச் சேணம் மாதிரி உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் இரண்டு பக்கமும் துணியைத் திணித்து அமுக்கி வைக்கிறார்கள். சில பேர் மெத்தைக்குத் தையல் போடுவதுபோல ஊடும் பாவுமாகத் தைத்துவிடுகிறார்கள். மூன்றாவது வழி பசை. ஆக, கேள்வி நம் ஊர்க் கேள்விதான்: காலருக்குத் தையலா, பசை ஒட்டும் ஃப்யூசிங்கா?

வீட்டுக்கு வந்ததும் இதைத் தொண்ணூறைத் தாண்டிய என் அமுச்சியிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, “இதுக்காடா கண்ணு இத்தன கூத்து? வாய்ப்புண்ணுக்கு வெக்கிற காசுக்கட்டியக் கரைச்சு அப்பியிருந்தா நின்னிருக்குமே” என்றாள். வீடே சிரித்தது. சிரித்தால் வலிக்கும் என்பதால் நான் மட்டும் சிரிக்கவில்லை.

அப்புறம் மூக்கடைப்போடு படுத்துக்கிடந்த பதினைந்து நாளில் பழைய கதைகளைத் துழாவினேன். அமுச்சி சொன்னது சரி. ஒரு விஷயம்தான் அவளுக்குத் தெரியாது. அவள் சொன்ன வைத்தியம் லண்டன் பத்திரிகையில் 1794லேயே அச்சாகிவிட்டது.

அதற்கு முன் இந்தப் பக்கத்து மூக்குகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். கொங்கு நாட்டுக்காரன் மூக்கு ஒரு காலத்தில் மைசூருக்கு ஏற்றுமதியான சரக்கு.

நல்லூரிலிருந்து அவிநாசி, புளியம்பட்டி வழியாகப் போனால் சத்தியமங்கலம். 1650களில் மைசூர் ராஜா கண்டீரவ நரசராஜ உடையாருக்கும் மதுரைத் திருமலை நாயக்கருக்கும் ஆகாமல் போனது. மலையிறங்கி வந்த மைசூர்ப் படை முதலில் பிடித்தது சத்தியமங்கலத்துச் சீமையைத்தான். ஊரைப் பிடித்தால் வரி வாங்குவார்கள், நெல்லை அள்ளுவார்கள், இது உலக வழக்கம். இவர்கள் மூக்கை அள்ளினார்கள். ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல், மேலுதட்டோடு சேர்த்து அறுத்து, சாக்கில் கட்டி, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள் என்று மதுரை மிஷனின் ஏசு சபைப் பாதிரியார்கள் தங்கள் கடிதங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். மூக்குக்கு இவ்வளவு என்று சிப்பாய்க்குப் பரிசும் உண்டாம். அதாவது பீஸ் ரேட்.

எனக்கு இதில் ஒரு தொழில்முறைச் சந்தேகம் உண்டு. சாக்கு போய் இறங்கிய இடத்தில் யாராவது ஒருவர் எண்ணியிருக்க வேண்டும் அல்லவா? “ஒண்ணு, ரெண்டு, மூணு... இது டேமேஜ், தள்ளி வை. இது பாதி மூக்கு, அரை ரேட்டுதான்.” செக்கிங் செக்‌ஷனில் இருபது வருஷம் உட்கார்ந்தவனுக்கு அந்த ஆளின் முகம் நன்றாகவே தெரிகிறது. சரக்கு அடிக்கிற நாற்றம் மட்டும் அவன் சம்பளத்தில் சேர்த்தி இருந்திருக்காது.

மதுரையில் திருமலை நாயக்கர் படுத்த படுக்கை. ராமநாதபுரத்துச் சேதுபதிக்கு ஆள் போனது. அவர் படையோடு வந்து மைசூர்க்காரர்களைத் திருப்பி விரட்டினார். அதற்குக் கைம்மாறாக மதுரை மாதிரியே நவராத்திரி கொண்டாடும் உரிமை ராமநாதபுரத்துக்குக் கிடைத்தது. மூக்கு போனது சத்தியமங்கலத்துக்காரனுக்கு, கொலு வைக்கும் உரிமை ராமநாதபுரத்துக்கு. நியாயம் என்று ஒன்று இருந்தால் அந்தக் கொலுவில் ஒரு படி சத்திக்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

அத்தோடு நின்றதா? நாயக்கரின் தம்பி குமாரமுத்து ஒரு படையோடு மலையேறிப் போய், அங்கே அகப்பட்ட மூக்குகளையெல்லாம் அறுத்தார். கடைசியில் மைசூர் ராஜா மூக்கே போய்விட்டது என்று பாதிரியார் எழுதுகிறார். மைசூர்ப் பக்கத்து வரலாற்றுக்காரர்கள், எங்கள் ராஜாவுக்கு மூக்கு இருந்தது, முழியும் இருந்தது என்கிறார்கள். இரண்டு ராஜாக்களும் 1659இல், ஒரே வருஷத்தில், போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எந்த மூக்கோடு போனார்கள் என்பதை இனி விசாரித்துப் பயனில்லை. சண்டைக்கு மட்டும் ‘மூக்கறுப்புப் போர்’ என்று பேர் நின்றுவிட்டது.

மூக்கை அறுப்பது இந்த நாட்டில் புராண காலத்துத் தண்டனை. சூர்ப்பணகைக்கு அன்றைக்கே பஞ்சவடிப் பக்கம் ஒரு நல்ல இ.என்.டி. டாக்டர் கிடைத்திருந்தால் அண்ணனிடம் அழுதுகொண்டு போயிருக்க மாட்டாள், கம்பருக்கு மூன்று காண்டம் மிச்சமாகியிருக்கும். அறுப்பு அதிகம் என்றால் ஒட்டு வேலையும் அதிகம். கிழிசல் வருகிற ஊரில்தானே ரஃபு போடுகிறவன் பிழைப்பான்?

அந்த ரஃபுக்காரர்களின் ஆதி மேஸ்திரி சுச்ருதர். அவருடைய சம்ஹிதையில் செய்முறையே இருக்கிறது: மூக்கின் அளவுக்கு ஒரு இலையை வெட்டு, அந்த அளவில் கன்னத்துத் தோலை உரித்துக் காம்போடு திருப்பு, மூக்கு இருந்த இடத்தைச் சுரண்டி அதில் பொருத்திக் கட்டு, மூச்சுக்கு இரண்டு குழல் செருகு, அதிமதுரப் பொடி தூவு, வெள்ளைப் பஞ்சால் மூடு, நல்லெண்ணெயால் நனைத்துக்கொண்டே இரு. பேட்டர்ன், கட்டிங், அசெம்பிளி, ஃபினிஷிங், எல்லாம் வரிசை மாறாமல் இருக்கிறது. கூடவே பஞ்சும் இருக்கிறது. திருப்பூர்க்காரன் பெருமைப்பட இது போதும். மூச்சுக்குக் குழல் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது என்பதை, இரண்டு நாள் வாயைப் பிளந்து கிடந்தவன் என்ற முறையில், இங்கே அடிக்கோடிடுகிறேன்.

இனி காசுக்கட்டிக்கு வருவோம்.

1792இல் திப்புவுக்கும் கும்பினிக்காரனுக்கும் மூன்றாவது சண்டை முடிகிற நேரம். நம் சீமையும் அப்போது திப்புவின் கையில்தான். கோயம்புத்தூர்க் கோட்டையைக் கும்பினி பிடித்தது, திப்புவின் ஆட்கள் 1791 நவம்பரில் திரும்பப் பிடித்தார்கள். சேலமும் திண்டுக்கல்லும் 1792 உடன்படிக்கையில் கைமாறிய பிறகும் கோவைப் பக்கம் 1799 வரை மைசூரோடுதான் இருந்தது. அந்தச் சண்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு மாடு ஓட்டிய ஒரு மராட்டிய விவசாயி, பேர் கவாஸ்ஜி, திப்புவின் ஆட்களிடம் மாட்டிக்கொண்டார். பீரங்கியை இழுப்பது மாடு, மாட்டை ஓட்டுவது கவாஸ்ஜி. ஆக, பீரங்கிக்குக் கோபப்பட்டு கவாஸ்ஜியின் மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பிவிட்டார்கள். மாடுகளை என்ன செய்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. அவற்றுக்கு மூக்கணாங்கயிறு போட மூக்கு தேவை என்பதால் விட்டிருப்பார்கள்.

பன்னிரண்டு மாசத்துக்கு மேல் கவாஸ்ஜி மூக்கில்லாமல் சுற்றினார். பிறகு பூனாவுக்குப் பக்கத்தில் ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். அந்த ஆள் ராஜவைத்தியர் இல்லை. செங்கல் அறுக்கும் சாதிக்காரர். மெழுகைத் தட்டி ஒரு மூக்கு செய்து, அதை விரித்து நெற்றியில் வைத்துக் கோடு கிழித்து, அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவில் ஒரு காம்பை மட்டும் விட்டு, ரத்த ஓட்டம் அறாமல் அரைச் சுற்று திருப்பிக் கீழே இறக்கினார். பழைய மூக்கின் விளிம்பைச் சீவி, சுற்றிலும் கீறி, கீறலுக்குள் புதுத்தோலின் ஓரத்தைச் செருகினார். இதுவரை எல்லாம் சரி. ஆனால் அது நிற்க வேண்டுமே? ஊசி நூல் இல்லை. தைக்கவே இல்லை.

காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணித் துண்டில் தடவி, அப்படி ஐந்தாறு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினார். நாலு நாளைக்கு அந்தப் பசைதான் கட்டு. பிறகு எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்தே படுக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துவாரம் தூர்ந்துபோகாமல் மெல்லிய துணித் துண்டு. இருபத்தைந்தாம் நாள்வாக்கில் நெற்றிக் காம்பை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம்.

பத்தாம் நாள் மெல்லிய துணித் துண்டு! எனக்கோ முதல் நாளே ஒரு தான் துணி.

இந்த அறுவையைக் குரூசோ, ஃபின்ட்லே என்ற இரண்டு பம்பாய் மாகாண வெள்ளைக்கார டாக்டர்கள் கூடவே நின்று பார்த்தார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியை உட்கார வைத்துப் படம் வரைந்தார். லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ 1794 அக்டோபர் இதழில் ‘பி.எல்.’ என்று மொட்டைக் கையெழுத்தோடு ஒரு கடிதமாக வெளிவந்தது. அதில் காசுக்கட்டிக்கு இட்டிருந்த பேர்தான் விசேஷம்: ‘டெர்ரா ஜப்பானிக்கா’. அப்படியென்றால் ஜப்பான் மண். ஐரோப்பிய வியாபாரிகளுக்கு அந்தப் பழுப்புக் கட்டி ஜப்பானிலிருந்து வரும் மண்ணாகத் தெரிந்திருக்கிறது. அது மண்ணும் இல்லை, அதற்கும் ஜப்பானுக்கும் ஸ்நானப்பிராப்தியும் இல்லை. கருங்காலி மரத்தின் வைரத்தைச் சிறாய் சிறாயாகச் செதுக்கித் தண்ணீரில் காய்ச்சி வற்றவைத்தால் இறுகுவதுதான் காசுக்கட்டி. வெற்றிலைப் பெட்டியில் பாக்குக்குப் பக்கத்தில் கிடக்கும்.

அதில் நிறைய இருப்பது துவர்ப்பு. வேதியியல்காரர்கள் டானின் என்பார்கள். தோல் பதனிடுவதும் பருத்தித் துணிக்குக் காவிப் பழுப்பு ஏற்றுவதும் மீன்வலை உளுத்துப்போகாமல் காப்பதும் இந்தத் துவர்ப்புதான். புரதத்தைப் பிடித்து இறுக்கும். வெற்றிலை போட்டால் வாய் சுருங்குகிறதே, அந்த வேலையைத்தான் காயத்திலும் செய்யும்: கசிவு அடங்கும், ஓரம் சுருங்கும், மேலே தடவிய துணி காய்ந்தால் அட்டை மாதிரி நிற்கும். சாயப்பட்டறைக்காரனுக்குத் துணியில் ஏறுவது தெரியும், பூனாச் செங்கல்காரருக்கு மூக்கில் ஏறுவது தெரிந்திருந்தது. (படித்துவிட்டு யாரும் அறுவை செய்த மூக்கில் காசுக்கட்டி அப்ப வேண்டாம். அமுச்சி சொன்னாலும் வேண்டாம்.)

அந்தக் காலத்தில் ஐரோப்பா மூக்கு விஷயத்தில் எங்கே நின்றது என்றால், கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. நிஜமாகவே. போலோஞா ஊர்ப் பேராசிரியர் தாலியாகோட்சி 1597இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். அவர் முறையில் தோலை எடுப்பது மேல்கையிலிருந்து. கைத்தோல் மூக்கில் பிடிக்கிற வரைக்கும் கையை முகத்தோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுவார். வாரக்கணக்கில் தன் மேல்கையைத் தானே மோந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். நம் பக்கம் ஒருவன் அப்படி உட்கார்ந்திருந்தால் பேயோட்டக் கூட்டிப்போயிருப்பார்கள். பின்னால் ஊர்ப்பேச்சு இன்னும் ஒரு படி ஏறியது. வேலைக்காரன் கைத்தோலில் செய்த மூக்கு, அந்த வேலைக்காரன் செத்த அன்று தானாக உதிர்ந்துவிடும் என்றார்கள். முதலாளி தன் மூக்கை உத்தேசித்து வேலைக்காரனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டிருப்பார் என்பது மட்டும் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த அம்சம்.

1794ஆம் வருஷக் கடிதம் ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் அறுவை மருத்துவரின் கவனத்துக்கு வந்தது. பிணங்களின்மேல் பழகிப் பார்த்தார். உயிரோடு ஒரு மூக்கில்லாதவர் அகப்படக் காத்திருந்தார். கடைசியில் 1814 அக்டோபரில் ஒரு ராணுவ அதிகாரிக்கு நெற்றித்தோலில் மூக்கு வைத்தார். கட்டைப் பிரித்தபோது, அட, மூக்கு இருக்கிறது என்று கூட நின்றவர் கத்தியேவிட்டாராம். 1816இல் இரண்டு அறுவைகளைப் பற்றிப் புத்தகமும் போட்டார். கடிதம் வந்ததிலிருந்து கத்தியை எடுக்கும்வரை இருபது வருஷம். பூனாக்காரர் அதற்குள் எத்தனை மூக்கு இறக்கியிருப்பாரோ, செங்கல் அறுத்த நேரம் போக.

அந்தப் பூனாக்காரர் பேர் என்ன? அதுதான் கடிதத்தில் இல்லை. மாடு ஓட்டியவர் பேர் இருக்கிறது, வேடிக்கை பார்த்த இரண்டு டாக்டர் பேர் இருக்கிறது, படம் போட்டவர் பேர் இருக்கிறது, காப்பியடித்தவர் பேர் அவருடைய புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. மூக்கு செய்தவர் ‘ஒரு செங்கல்காரர்’. முறைக்கு மருத்துவப் புத்தகங்கள் வைத்த பேர் ‘இந்திய முறை’. மேட் இன் இண்டியா என்று கழுத்தில் ஒரு லேபிள், தைத்தவன் பேர் எங்கேயும் கிடையாது. இதைத் திருப்பூர்க்காரனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன?

பிறகு வந்த நூறு வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிடலாம், அதில் ஒட்டுகிற சமாச்சாரம் அதிகம் இல்லை. 1909இல் பெர்கல் என்ற ஜெர்மானியர், ரத்தம் உறையும்போது உண்டாகிற ஃபைப்ரின் என்ற நாரையே பொடியாக்கித் தூவிக் கசிவை நிறுத்திப் பார்த்தார். காயம் ஆறும்போது உடம்பு தானே காய்ச்சிக்கொள்கிற பசை அது. இரண்டாம் உலகப் போரில் தோல் ஒட்டுவதற்கு முயன்றார்கள், பிடிப்புப் போதவில்லை. 1970களில் வியன்னாவில்தான் கெட்டியாகப் பிடிக்கிற பதம் கிடைத்தது. ஒரு ஊசிக்குழலில் ஃபைப்ரினோஜன், இன்னொன்றில் திராம்பின். இரண்டும் முனையில் சந்தித்தால் பாகு இறுகுவதுபோல் இறுகிவிடும். மனித ரத்தத்திலிருந்து எடுப்பதால் மஞ்சள்காமாலைக் கிருமி வந்துவிடும் என்று பயந்த அமெரிக்கா 1998 வரைக்கும் கதவைத் திறக்கவில்லை.

அதே 1998இல் இன்னொரு பசைக்கும் அங்கே கதவு திறந்தது. அது நம் ஃபெவிக்விக்குக்குப் பெரியப்பா மகன். 1942இல் ஹாரி கூவர் என்ற கோடாக் கம்பெனி வேதியியல்காரர், துப்பாக்கிக்குறி பார்க்கும் கண்ணாடிக்கான பிளாஸ்டிக் தேடும்போது சயனோஅக்ரிலேட் அகப்பட்டது. தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டது, சனியன் என்று தூக்கிப்போட்டார். 1951இல் அவருடைய சக ஊழியர் அதே சரக்கை வைத்து ஒரு விலையுயர்ந்த கருவியின் இரண்டு கண்ணாடிகளைப் பிரிக்கமுடியாமல் ஒட்டித் தொலைத்தபோதுதான், ஒட்டுவதே இதன் வேலை என்று புரிந்தது. வியட்நாம் சண்டையில் காயத்தில் தெளித்து ரத்தத்தை நிறுத்தினார்கள். கடைப்பசை சதையைச் சுட்டுப் புண்ணாக்கும் என்பதால் மருத்துவத்துக்கு வேறு வகை செய்தார்கள். எங்கள் கட்டிங் டேபிளில் விரலை வெட்டிக்கொண்ட ஒரு மாஸ்டர், எந்த அனுமதியும் கேட்காமல் ஐந்து ரூபாய்ப் பசையை விட்டு ஒட்டிக்கொண்டார். விரலோடு கத்தரிக்கோலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டதால் ஆஸ்பத்திரிக்கு இரண்டையும் கூட்டிப்போனோம்.

மூக்குக்குள் அதிகமாகப் பேசப்படுவது ஃபைப்ரின்தான். பிரித்த சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சில மில்லி பீய்ச்சி, சில நிமிஷம் அமுக்கிப் பிடித்தால் போதும். துணி இல்லாததால் அன்றைக்கே மூக்கால் மூச்சு விடலாம், உருவுகிற வலி இல்லை. இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் இஸ்ரேல் டாக்டர்கள் துணி அடைத்தவர்களையும் பசை வைத்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பசைக்காரர்களுக்கு ரத்தக் கசிவு கூடிப்போகவில்லை, படுத்தின பாடு குறைந்திருந்தது. விலைதான் காலை வாருகிறது. மெத்தைத் தையலும் துணியை ஒழித்துவிடும், நூலுக்குக் காசு கம்மி என்று வாதாடும் டாக்டர்களும் உண்டு. தையலா, ஃப்யூசிங்கா என்ற வழக்கு அங்கேயும் முடியவில்லை.

மூக்கு ஆறியபின் ஒருநாள் அமுச்சிக்கு வெற்றிலை வாங்கக் காங்கேயம் ரோட்டுக் கடைக்குப் போனேன். காசுக்கட்டியும் பத்து ரூபாய்க்குக் கேட்டேன்.

“வெத்தலைக்குங்களா, வாய்ப்புண்ணுக்குங்களா?”

“மூக்குக்குங்க” என்றேன், வாய் சும்மா இராமல்.

கடைக்காரர் என் மூக்கைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்ததைக் கையால் காட்டி, “கருங்காலி மாலை வந்திருக்குதுங்க. அதப் போட்டா மூக்கு என்னங்க, எல்லாமே சரியாயிரும்” என்றார்.

ஒரே பேர். வெட்டிக் காய்ச்சினால் பத்து ரூபாய், உருட்டிக் கோத்தால் ஆயிரத்து இருநூறு.